டிரையம்ப் டி.ஆர்.6: சஸ்பென்ஷனைச் சுற்றிச் சேசிஸுக்குத் தகடு வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரையம்ப் டி.ஆர். என்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 1972 மாடல் டி.ஆர்.6. அதன் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், நான் இரண்டு முறை வேலை செய்திருக்கிறேன். இரண்டாவது முறை செய்ததற்குக் காரணமே முதல் முறை செய்த தவறுதான். அதையும் சொல்கிறேன்.

ஒரு சொல் விளக்கம். டிஃபரன்ஷியலை (எஞ்சினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) தாங்கும் திருகுமுனைத் தண்டுகளை ஆங்கிலத்தில் சொல்வதுபோல் ‘பின்’ என்று எழுதினால், முன் பின், பின் பின் என்று தலை சுற்றும். அதனால் இங்கே அவற்றை ‘முளை’ என்றே எழுதுகிறேன்.

எந்தெந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் டிரையம்ப் நிறுவனம் தயாரித்தவற்றில், பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்ட டி.ஆர். வண்டிகள் அனைத்துக்கும் பொருந்தும். அதாவது 1965-இல் வந்த டி.ஆர்.4ஏ, அதன்பின் டி.ஆர்.5, அமெரிக்காவுக்குப் போன டி.ஆர்.250, கடைசியாக 1976 வரை ஓடிய டி.ஆர்.6. அமெரிக்காவில் விற்ற டி.ஆர்.4ஏ-க்களில் ஒரு பகுதிக்குப் இரு பின்சக்கரங்களையும் ஒரே அச்சாகப் பிணைக்கும் பழைய பாணி லைவ் ஆக்ஸில்தான் இருந்தது. அவற்றின் பின்பகுதிக்கு இங்கே சொல்வது பொருந்தாது, முன்பகுதிக்குப் பொருந்தும். டி.ஆர்.7 முற்றிலும் வேறு ஜாதி. அதற்குத் தனிச் சேசிஸே கிடையாது.

இந்தச் சேசிஸில் அப்படி என்ன பலவீனம்?

சேசிஸ் மொத்தமும் பலவீனம் என்று சொல்ல முடியாது. இரண்டு பெட்டி உத்தரங்கள் நீளவாக்கில் ஓடி, நடுவில் நெருங்கி, பின்னால் மறுபடி விரிகின்றன. டிரெய்லிங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை), காயில் ஸ்பிரிங், டிஃபரன்ஷியல் மூன்றும் பின்பக்கக் குறுக்குச் சட்டங்களில் தொங்குகின்றன. அந்தச் சட்டங்களின் தகடு மெல்லியது, 2 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும். அதன்மேல் சின்னச் சின்னப் பிராக்கெட்டுகளைப் பற்றவைத்து, அவற்றின் தலையில் பெரிய சுமையை ஏற்றியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் விற்ற தொடக்க கால டி.ஆர்.6-க்கு 2.5 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 150 குதிரைத்திறன். வண்டி புதிதாக இருந்தபோது அது பத்து வருடம் ஓடினால் போதும் என்று நினைத்திருப்பார்கள். ஐம்பது வருடம் கழித்து, உள்ளேயிருந்து துரு தின்ற தகட்டின்மேல், அகல டயர் மாட்டி நாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

கவனிக்க வேண்டியவை நான்கு இடங்கள். டிஃபரன்ஷியல் முளைகள், முன்பக்கக் கீழ் விஷ்போன் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை வடிவக் கை) பிராக்கெட்டுகள், டிரெய்லிங் ஆர்ம் மாட்டும் குறுக்குச் சட்டம், பின்பக்க ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம்.

கிளட்சை விடும்போது பின்னால் ‘டொக்’ என்று சத்தம். முளை உடைந்துவிட்டதா?

இருக்கலாம். ஆனால் அதற்குள் வெல்டிங் மெஷினை இழுக்க வேண்டாம். இந்த வண்டியில் எஞ்சின் பக்கத்திலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்டில் இரண்டு, அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் ஒவ்வொரு பக்க ஷாஃப்டிலும் இரண்டு என்று மொத்தம் ஆறு யு-ஜாயின்ட் (வளைந்து சுழல விடும் மூட்டு) இருக்கின்றன. அதில் ஒன்று தேய்ந்தாலும் இதே டொக். டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர்கள் நைந்தாலும் இதே டொக். வளைவில் திரும்பி நிமிரும்போது வண்டி பின்னால் ஒரு துள்ளு துள்ளினால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்: பக்க ஷாஃப்டின் ஸ்ப்ளைன்கள் (ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல்வரிகள்) கிரீஸ் காய்ந்து பிடித்துக்கொண்டு, பிறகு சட்டென்று வழுக்குகின்றன.

கியர் போட்டு இழுக்கும்போது ஒரு முறை, ஆக்ஸிலரேட்டரை விடும்போது இன்னொரு முறை, அதுவும் இருக்கைக்குப் பின்னால் முதுகில் தட்டுவதுபோல் வந்தால், அப்போது முளையைப் பார்க்கலாம்.

நான்கு முளைகளில் பெரும்பாலும் முன்வலது முளைதான் போகிறதே, ஏன்?

வண்டி முன்னோக்கிப் பாயும்போது சக்கரங்களைச் சுழற்றும் விசைக்கு எதிர்விசையாக டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். அதே நேரத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னாலிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது டிஃபரன்ஷியல் கூட்டையும் அதே திசையில் முறுக்க முயலும். அதாவது வலப்பக்கம் மேலே, இடப்பக்கம் கீழே. இந்த இரண்டும் சேர்ந்து மேல்நோக்கிக் குத்துகிற மூலை முன்வலது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எல்லாம் தலைகீழாக மாறி அதே முளையைக் கீழே இழுக்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்பது மாதிரிதான் இதுவும். இது மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியை நான்கு ஸ்டாண்டில் உறுதியாக ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது. முளையைச் சுற்றி அரை நூற்றாண்டுச் சேறும் எண்ணெயும் கல்லாகிக் கிடக்கும். அதைச் சுரண்டிக் கம்பி பிரஷ் போட்டு, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும்.

என் வண்டியில் நான் பார்த்தது இது: கறுப்புப் பெயின்டின்மேல் தலைமுடி அளவுக்கு ஒரு செம்பழுப்புக் கோடு. பிராக்கெட்டின் வளைவில் தொடங்கி, முளையைச் சுற்றிப் பிறை நிலா மாதிரி போயிருந்தது. விரலால் தடவினால் எதுவும் தெரியவில்லை. டிஃபரன்ஷியலின் மூக்குக்கடியில் நீண்ட கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்பியதும் அந்தக் கோடு வாயைத் திறந்து மூடியது. அந்தக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது.

சந்தேகமாக இருந்தால் சாயம் ஊடுருவவிட்டுப் பார்க்கும் ஸ்பிரே மூன்று டப்பா செட்டாகக் கிடைக்கும். சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து வரும்.

விரிசலே இல்லை. முன்னெச்சரிக்கையாகத் தகடு வைக்கலாமா?

டிஃபரன்ஷியலை வேறு வேலைக்காகக் கீழே இறக்கியிருந்தால், கண்டிப்பாக வையுங்கள். இதற்காக மட்டும் இறக்குவதா என்றால், வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் போய்வருகிற வண்டிக்கு அவசரம் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை கீழே படுத்துப் பார்த்தால் போதும். எஞ்சினைக் கூர்தீட்டி, ஒட்டும் டயர் போட்டு, மலைப்பாதைப் பந்தயத்துக்கு எடுத்துப் போகிறவர் காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு தடிமன் தகடு வைக்க வேண்டும்? 6 மி.மீ. வைத்தால் ஜென்மத்துக்கும் உடையாதே?

இந்தப் பக்கம் முழுவதிலும் முக்கியமான கேள்வி இதுதான். தடிமனாக வைத்தால் வலு என்று நம்பித்தான் நான் முதல் முறை கெட்டுப்போனேன்.

2 மி.மீ. தகட்டின்மேல் 6 மி.மீ. தகட்டை ஒட்டினால், ஒட்டிய இடம் பாறை மாதிரி இறுகிவிடும். ஆனால் அந்தப் பாறையின் ஓரத்தில், வெல்டிங் முடிகிற கோட்டில், மெல்லிய தகடு தனியாக வளைகிறது. முன்பு அகலமாகப் பரவி வளைந்த இடம் இப்போது ஒரே கோட்டில் மடிகிறது. வெல்டிங் சூட்டில் அந்தக் கோடு ஏற்கெனவே கொஞ்சம் நொந்து போயிருக்கும். நான் 5 மி.மீ. பட்டையைச் சதுரமாக வெட்டிச் சுற்றிலும் கனமாகப் பற்றவைத்தேன். இரண்டாவது கோடைக்குள் பட்டையின் விளிம்பை ஒட்டி அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் நேர்க்கோட்டில் சட்டமே விரிந்துவிட்டது. பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை!

தகடு வைப்பது சுமையை அகலமாகப் பரப்பத்தான். அதனால் மூலத் தகட்டைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டாம். இங்கே 3 மி.மீ. சாதாரண மைல்ட் ஸ்டீல் போதும். வடிவம்தான் பெரிது. மூலைகளை உருண்டையாக்குங்கள். உத்தரத்தின் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங் முடியாதபடி, தகட்டின் முனையை மீன்வால் மாதிரி உள்நோக்கிக் குடைந்தோ கூம்பாக இறக்கியோ வெட்டுங்கள். அப்போது விறைப்பு படிப்படியாகக் குறையும். வளைகிற இடமும் விறைக்கிற இடமும் ஒரே கோட்டில் சந்திக்காது.

உயர்வலு ஸ்டீல், ஸ்டெயின்லெஸ்?

வேண்டாம்.

கடையில் கிடைக்கும் கிட் வாங்கலாமா, நாமே வெட்டலாமா?

முளைக்கும் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் ஆயத்தக் கிட் கிடைக்கிறது. லேசரில் வெட்டி மடித்துத் தருகிறார்கள், நேரம் மிச்சம். ஆனால் ஐம்பது வருடச் சேசிஸ் எதுவும் வரைபடத்தில் இருப்பதுபோல் இருக்காது. பழைய ரிப்பேர், சின்ன விபத்து, கையால் போட்ட மூல வெல்டிங்கின் மேடு பள்ளம் எல்லாம் உண்டு. கிட் தகட்டைச் சுத்தியால் தட்டி உட்காரவைக்கத்தான் வேண்டியிருக்கும். இடைவெளி 1 மி.மீ.-க்கு மேல் இருக்கும்போது அதை வெல்டிங் கம்பியால் நிரப்பாதீர்கள், தகட்டைத் திருத்துங்கள்.

நாமே செய்வதானால் முதலில் தானிய டப்பா அட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பாருங்கள். அட்டை ஒட்டி உட்கார்ந்தால் தகடும் உட்காரும்.

பாடியைச் சேசிஸிலிருந்து கழற்ற வேண்டுமா?

முன்பக்க இரண்டு முளைகளுக்குத் தேவையில்லை. டிஃபரன்ஷியலை இறக்கிவிட்டால் கையும் டார்ச்சும் போகும். படுத்துக்கொண்டு தலைக்கு மேல் வெல்டிங் அடிப்பது சுகமான வேலை இல்லை. சட்டைக் காலருக்குள் பொறி விழுவதை யாரும் தடுக்க முடியாது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் மேற்பகுதி துருப்பிடித்திருந்தால் வேறு வழியில்லை, பாடி இறங்கியாக வேண்டும். அப்படி இறக்கும்போது இரண்டு கதவு வாசலிலும் குறுக்குக் கம்பி வைத்துப் பூட்டிவிட்டுத் தூக்குங்கள். கூரை இல்லாத பாடி நடுவில் மடங்கிவிடும். அப்புறம் எந்தக் கதவும் மூடாது.

வெல்டிங்குக்கு முன் எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

பெட்ரோல் டேங்க். இதில் பேரமே இல்லை. டி.ஆர்.6-இல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், அதாவது கிட்டத்தட்ட டிஃபரன்ஷியலுக்கு நேர் மேலே இருக்கிறது. காலியாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க் ஆபத்து. கழற்றிப் பட்டறைக்கு வெளியே தூரமாக வையுங்கள். சேசிஸை ஒட்டி ஓடும் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய்களையும் விலக்குங்கள். பேட்டரி வயரைப் பிரியுங்கள், ஆல்டர்னேட்டர் இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைத்த இடத்தில் வெல்டிங் அடித்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். அசிட்டோன் போட்டுத் துடைத்து, முழுக்கக் காயவிட்டுத் தொடங்குங்கள். துத்தநாக முலாம் பூசிய தகடானால் வெல்டிங் படும் இடத்தில் முலாமைச் சுரண்டிவிடுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

தீயணைப்பானோடு ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பழைய அண்டர்சீலும் தரைவிரிப்பும் உள்ளுக்குள் கனன்று மெதுவாகத்தான் பிடிக்கும்.

விரிசலை அப்படியே விட்டு அதன்மேல் தகட்டை மூடிவிட்டால்?

புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவது மாதிரி. விரிசல் உள்ளே தொடர்ந்து ஓடும், இனி உங்கள் கண்ணுக்கும் தெரியாது. விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். நடுவில் கிரைண்டரால் ‘வி’ வடிவில் குடைந்து, முழு ஆழத்துக்கும் பற்றவைத்து, மட்டமாகத் தேய்த்து, அதன் பிறகு தகடு. பிராக்கெட் கிழிந்து தொங்குகிறது என்றால் ஒட்டுப்போட வேண்டாம், புதுப் பிராக்கெட்டே வையுங்கள்.

முளை இடம் மாறாமல் எப்படிப் பற்றவைப்பது?

டிஃபரன்ஷியலைக் கழற்றுவதற்கு முன்பே அளவெடுங்கள். பிறகு தடித்த ஆங்கிள் இரும்பில் நான்கு துளையிட்டு ஒரு சட்டம் செய்யுங்கள். நான்கு முளையிலும் அதை மாட்டி நட் போட்டு இறுக்கிவிட்டுத்தான் வெல்டிங். டிஃபரன்ஷியலையே மாட்டிவைத்துப் பற்றவைக்கிறவர்கள் உண்டு. ரப்பர் கருகும், எண்ணெய் சீல் கெடும், மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் அதுவும் கெடும். எர்த் கிளிப்பை எப்போதும் வெல்டிங் செய்யும் தகட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

வண்டி ஸ்டாண்டில் முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. ரசமட்டம் வைத்துச் சேசிஸை மட்டமாக்குங்கள். தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி குறித்து, குறுக்கு மூலை அளவுகள் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

வெல்டிங் முறை?

கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் மிக் வெல்டிங் போதும். 0.8 மி.மீ. கம்பி, ஆர்கான்-கார்பன் டை ஆக்ஸைடு கலவை வாயு. முதலில் நாலைந்து இடத்தில் டாக் (சிறு புள்ளி வெல்டிங்) வைத்து, ஆங்கிள் சட்டம் இன்னும் கையால் கழன்று வருகிறதா என்று பாருங்கள். பிறகு 20, 25 மி.மீ. நீளத் துண்டுகளாக, எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றி அடியுங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் டீ குடிக்கப் போகலாம். தகடு அகலமானால் நடுவில் 8 மி.மீ. துளைகள் போட்டு அவற்றையும் நிரப்பிப் பற்றவைக்கலாம். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

அழகான வெல்டிங்கைவிட ஊடுருவிய வெல்டிங் முக்கியம். அதே 2 மி.மீ., 3 மி.மீ. துண்டுகளை மேஜையில் ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியால் அடித்துக் கிழித்துப் பாருங்கள். ஒட்டு பெயர்ந்து வந்தால் இன்னும் வண்டியைத் தொட வேண்டாம்.

முன்பக்கக் கீழ் விஷ்போன் பிராக்கெட்டில் என்ன செய்வது?

ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இந்தப் பிராக்கெட்டுகள் சேசிஸிலிருந்து பிய்ந்து வரப் பார்க்கின்றன. அடிப்பாகத்தைச் சுற்றிச் சிறு முட்டுத் தகடுகள் வைத்து, சுமையை உத்தரத்தின் பக்கச் சுவருக்குக் கடத்துவதே வேலை. உத்தரத்தின் அடி விளிம்பில் குறுக்கே வெல்டிங் இழுக்காதீர்கள்.

பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஷிம்கள் (மெல்லிய இடைத்தகடுகள்) இருக்கும். கேம்பர் கோணம், அதாவது சக்கரம் மேல்கீழாகச் சாய்ந்து நிற்கும் அளவு, அவற்றால்தான் அமைகிறது. எந்தப் பிராக்கெட்டில் எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் போடுங்கள். நட்டும் ஷிம்மும் ஸ்பானரும் திரும்ப எந்தத் தடையும் இல்லாமல் உட்காருமா என்று டாக் நிலையிலேயே மாட்டிப் பாருங்கள். முழு வெல்டிங்கும் முடித்த பிறகு, நட்டில் ஸ்பானர் நுழையவில்லை என்று தகட்டைக் குடைந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். சரி, அது நான்தான்.

டிரெய்லிங் ஆர்ம் மாட்டும் சட்டத்துக்கும் தகடு வைக்க வேண்டுமா?

அங்கே பெரும்பாலும் பிரச்சினை துருதான். மேலே சேறு தேங்கி, உள்ளேயிருந்து தகடு காகிதமாகும். வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற ஒலி மந்தமாக மாறுகிற இடத்தில் கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள். துருப்பிடித்த தகட்டின்மேல் புதுத் தகட்டை ஒட்டுவது வீண். ஒட்டுவதற்கு அங்கே இரும்பு மிச்சம் இல்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைக்க வேண்டும்.

டிரெய்லிங் ஆர்ம் பிராக்கெட்டுகளில் சின்ன வெட்டுக் குறிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் துளையின் உயரம் வேறு. எது எந்தப் பக்கம், எந்தத் திசையில் இருந்தது என்று கழற்றுவதற்கு முன் புகைப்படம் எடுங்கள். ஆர்ம் அலுமினியத்தால் ஆனது. ஹப்பைப் பிடிக்கும் ஸ்டட்கள் அதில் மரை பிய்ந்து வருவது தனி வியாதி. கையில் இருக்கும்போதே அதையும் பார்த்துவிடுங்கள்.

பழைய லீவர் ஷாக்கை எடுத்துவிட்டு டெலஸ்கோப்பிக் ஷாக் போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். சில கிட்கள் பழைய ஷாக் உட்கார்ந்த அதே இடத்தில் பிராக்கெட் வைக்கின்றன. சில, மேல் முனையை பாடியின் சக்கர வளைவில் மாட்டுகின்றன. அந்தத் தகடு ஷாக்கின் அடியைத் தாங்க உருவானது அல்ல. இரண்டாவது வகையானால் அங்கே பெரிய பரப்பில் தகடு வைத்திருக்கிறார்களா, ஓரம் வெடித்திருக்கிறதா என்று வருடா வருடம் பார்க்க வேண்டும்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ்?

டிஃபரன்ஷியலுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ரப்பர் விழுங்க வேண்டிய அதிர்ச்சியை அது முளைக்கே அனுப்பிவிடுகிறது. தகட்டைப் போட்டு நாம் செய்த நல்லதை நாமே கெடுத்துக்கொள்வானேன்? விஷ்போன்களில் போடலாம், ஓட்டத்தில் கூர்மை தெரியும்.

வேலை முடிந்ததும் துருவை எப்படித் தடுப்பது?

திறந்திருந்த பிராக்கெட்டைத் தகடு வைத்துப் பெட்டியாக்கினால், தண்ணீர் தேங்க ஒரு பாத்திரம் செய்து வைத்திருக்கிறீர்கள். தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. துளை ஒன்று கட்டாயம் வேண்டும், வெல்டிங்கிலிருந்து தள்ளி. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பில் துத்தநாக பிரைமரை முன்பே பூசுங்கள். வெளியே எபாக்சி பிரைமர், பெயின்ட், கடைசியாக உள்ளே மெழுகு ஸ்பிரே. மெழுகு கடைசிதான். மறந்துபோய் மறுபடி வெல்டிங் அடித்தால் தீப்பிடிக்கும்.

அலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டுமா? ஷிம்களை அப்படியே போட்டுவிட்டேனே.

பார்க்க வேண்டும். வெல்டிங் சூட்டில் பிராக்கெட் 1 மி.மீ. நகர்ந்தாலும் கோணம் மாறும். முன்பின் சக்கர மையங்களுக்கு நடுவிலான தூரம் இந்த வண்டியில் 88 அங்குலம், அதாவது 2,235 மி.மீ. முதலில் இரண்டு பக்கமும் நாடா பிடித்து அளந்து ஒப்பிடுங்கள். பிறகு நான்கு சக்கரமும் பார்க்கிற கடைக்குப் போங்கள். பின்சக்கரத்தின் டோவை (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) ஷிம் வைத்துத் திருத்தலாம் என்பதே சில கடைகளுக்குத் தெரியாது, ‘பின்னால் எதுவும் செய்ய முடியாது சார்’ என்பார்கள். ஷிம் பொட்டலத்தை நீங்களே எடுத்துப் போவது நல்லது.

இங்கிலாந்தில் ஆண்டுச் சோதனைக்கு இது இடைஞ்சலா?

2018 மே முதல், 40 வயது கடந்து, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு எம்.ஓ.டி. சோதனை கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் வருடந்தோறும் காட்டுகிறேன். சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் வலுவைப் பாதிக்கும் துரு இருந்தால் அந்தச் சோதனையில் தேறாது. அந்த 30 செ.மீ. வட்டத்துக்குள்தான் நாம் இவ்வளவு நேரம் பேசிய எல்லாமே இருக்கின்றன. நம் கண்ணுக்குப் பழகிப்போனதை வேறொரு கண் பார்க்கட்டும்.

தகடு வைத்தால் வண்டியின் மதிப்பு குறையுமா?

ஒழுங்காகச் செய்து, படிப்படியாகப் படம் எடுத்து வைத்திருந்தால் குறையாது. விவரம் தெரிந்தவர் டி.ஆர்.6 வாங்க வந்தால் முதலில் டார்ச்சோடு கீழே குனிந்து அந்த முளையைத்தான் பார்ப்பார். கிரைண்டர் போட்டு வெல்டிங்கை மறைக்க முயலாதீர்கள். தேய்த்த வெல்டிங் மெலிந்த வெல்டிங். பார்ப்பவருக்கும் சந்தேகம் வரும்.

முடித்த பிறகு எப்போது மறுபடி பார்ப்பது?

முதல் 100 மைலில் எல்லா நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று. 500 மைலில் தகட்டின் ஓரங்களை. நான் ஓரத்தைச் சுற்றி வெளிர்சாம்பல் பெயின்ட்தான் அடிக்கிறேன், கறுப்பு அடிப்பதில்லை. வெளிர் நிறத்தில் செம்பழுப்புக் கோடு உடனே தெரிகிறது. இந்த முறை வைத்த மீன்வால் தகடு ஆறு குளிர்காலம் பார்த்துவிட்டது. போன மாதம் கீழே படுத்துப் பார்த்தபோது சாம்பல் நிறத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அது டிஃபரன்ஷியல் சீலின் வேலை, அடுத்து அதை மாற்ற வேண்டும்.